சாவியையே கொடுத்தார்கள்

"இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாங்களாம்?" பிரபலம் யார் மீது பாலியல் புகார் வந்தாலும் இதே கேள்வி. இன்னொரு தடவை காதில் விழுந்தால் கையிலிருக்கும் டம்ளரை விட்டெறிவேன்.

யார் சும்மா இருந்தது? பிரிட்டனின் டிவி பிரபலம் ஜிம்மி சாவிலையே எடுங்கள். 1963-லேயே செஷயரில் ஒருவர், சாவில் தன்னைப் பலாத்காரம் செய்ததாகப் போலீஸிடம் போய்ச் சொன்னார். 'மறந்துவிடு' என்று அனுப்பிவிட்டார்கள். சரி, அந்த மகானோ பிபிசியில் குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் மாமா! நன்கொடை திரட்டும் வள்ளல்! லீட்ஸ் மருத்துவமனையில் சம்பளமில்லாமல் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போன தியாகி! 1990-இல் சர் பட்டம் வேறு. பிராட்மூர் மனநல மருத்துவமனையில் வார்டு சாவியையே கையில் கொடுத்திருந்தார்கள். பாலுக்குப் பூனை காவல். இன்னொரு மருத்துவமனையில், அவர் வந்தால் தூங்குவது போல நடிக்கச் சொல்லி நர்ஸுகளே பிள்ளைகளிடம் சொன்னதாகப் பிற்பாடு சாட்சிகள் வந்தன. நர்ஸுக்குத் தெரிந்தது மேலே ஒருவருக்கும் தெரியாதாக்கும்!

2011-இல் செத்தார். தங்க நிறச் சவப்பெட்டி, வரிசை கட்டி அஞ்சலி. மறு வருஷமே வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. சுமார் 450 பேர் தகவல் கொடுத்தார்கள். 214 குற்றங்கள் பதிவாயின. பிடிக்கத்தான் ஆள் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லறைக் கல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். பாவம், கல் என்ன செய்தது?