மூட்டு மாத்திரை விற்கிறவன் சொல்கிறேன்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் மூட்டு மாத்திரை ஓடத் தொடங்கிவிடும். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் வாங்கும் சாமான்களில் க்ரேப் பேண்டேஜ், வலி ஸ்ப்ரே, பிளாஸ்டர், பஞ்சு இவற்றோடு சில வருடங்களாகக் குளுக்கோசமைன் என்ற மூட்டு மாத்திரையும் சேர்ந்துகொண்டது. போன வருடம் மாலை போட்டிருந்த ஒரு அண்ணன், "கவுச்சி விட்டு இருபது நாளாச்சு தம்பி, உடம்பு லேசா இருக்கு, முட்டிதான் ஒத்துழைக்கல" என்று சொல்லிக்கொண்டே முப்பது கேப்ஸ்யூல் கேட்டார். டப்பாவைத் திருப்பி, மூலையில் இருந்த பழுப்பு முக்கோணத்தை, அசைவக் குறியை, காட்டினேன். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. கூடவே இருக்கும் காண்ட்ராய்டின் மாடு, பன்றி, சுறா இவற்றின் குருத்தெலும்பிலிருந்து வருவது. மேலே மூடியிருக்கும் உறை ஜெலட்டின். அண்ணன் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

(மக்காச்சோளத்திலிருந்து தயாரிக்கும் சைவக் குளுக்கோசமைனும் உண்டு. விலை கூட.)

காரைக்குடிப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். இதை எழுதினால் என் வியாபாரத்துக்கு நானே கல் போடுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். பரவாயில்லை. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்கு 2013ஆம் வருட ஆணைப்படி சில்லறைக் கடைக்காரனுக்கு 16 சதவீதம்தான் மார்ஜின். மூட்டுப் பொடியும் கொலாஜன் டப்பாவும் சட்டப்படி மருந்தே கிடையாது, உணவு. அவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எம்.ஆர்.பி. கம்பெனி வைத்ததுதான். கம்பெனி ரெப் வந்து "10+1 ஸ்கீம் இருக்கு அண்ணே" என்று பத்துக்கு ஒன்று இலவசம் சொல்வது இந்தச் சரக்குக்குத்தான், சர்க்கரை மாத்திரைக்கு அல்ல. டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று போட்டிருக்கும், போட்டே ஆக வேண்டும் என்பது விதி. முன்பக்கம் மின்னல் அடிக்கும் முழங்கால் படம், பின்பக்கம் இது மருத்துவத்துக்கு அல்ல என்ற வரி. இரண்டையும் சேர்த்துப் படித்த வாடிக்கையாளரை இதுவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருப்பார்கள். விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் மூட்டு மாத்திரை பெரிய பெரிய பாட்டிலாக வந்து இறங்கும். ஒரு ஆச்சி அப்படி ஒன்றை மஞ்சள் பையில் வைத்து எடுத்து வந்தார். "மருமக வாங்கியாந்துச்சு தம்பி. இது எதுக்குன்னு சொல்லு. முழுங்கவும் முடியல, அது மனசு கோணுமேன்னு தூக்கிப் போடவும் முடியல." ஒவ்வொரு மாத்திரையும் பேரீச்சங்கொட்டை அளவு. நாளுக்கு மூன்று. ஆச்சி அதை அம்மியில் நசுக்கி மோரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பாட்டிலை வாங்கிப் பார்த்ததும் நான் கேட்டது ஒன்றுதான்: "ரத்தம் உறையாம இருக்க ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா ஆச்சி?" இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் இதய வால்வு மாற்றிய ஒரு ஐயாவுக்கு, கேட்ட மாத்திரத்தில் குளுக்கோசமைன் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்பது எனக்குத் தெரியும், மாதாமாதம் என்னிடம்தான் வாங்குவார். ஆனாலும் என் மூளையில் இது மருந்துப் பெட்டியில் இல்லை, சத்து டப்பாப் பெட்டியில் இருந்தது. மூன்று வாரத்தில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட் எகிறியிருந்தது. டாக்டர் டப்பாவை நிறுத்தச் சொன்னார், அளவு கீழே வந்தது. வார்ஃபரினோடு குளுக்கோசமைன் சேர்ந்தால் இப்படி ஆகலாம் என்பது முன்பே பதிவான விஷயம். நான்தான் படிக்கவில்லை. ஐயா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, அது வேலை செய்கிறதா? "எனக்குத் தேவலையா இருக்கே" என்று சொல்கிறவர்களை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். 2006இல் அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேர், ஆறு மாதம். குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 100க்கு 67 பேர் வலி குறைந்தது என்றார்கள். அடேயப்பா என்றுதான் தோன்றும். ஆனால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 பேர் அதையே சொன்னார்கள். மீதி வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. வலி அதிகமாக இருந்தவர்களைத் தனியாகப் பிரித்தபோது கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது உண்மை, அது சின்னக் கூட்டம். 2019இல் அமெரிக்க மூட்டு நோய் டாக்டர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்று அழுத்தமாகவே எழுதிவிட்டது. அதே அழுத்தத்தோடு உடற்பயிற்சி வேண்டும் என்றும் எழுதியது.

கடையில் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். முட்டி வலி ஏறி இறங்குவது. உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் கடைக்கு வருகிறார். அதற்குப் பிறகு இறங்கத்தானே செய்யும். இறங்கும்போது கையில் டப்பா இருக்கிறது, பேர் டப்பாவுக்குப் போகிறது.

கொலாஜன் கதை வேறு. அதைக் கேட்டால் எனக்கு ஆட்டுக்கால் சூப்தான் ஞாபகம் வரும். எங்கள் அப்பத்தா கால் கருக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, இரவு முழுக்க அடுப்பில் வைப்பார். மறுநாள் காலையில் மிச்சம் வைத்த சட்டியைச் சாய்த்தாலும் ஊற்றாது, கூழ் மாதிரி ஆடும். ஆடுகிறதே, அதுதான் எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், வெந்து கரைந்தது. டப்பாவில் இருப்பது அதையே இன்னும் உடைத்துப் பொடியாக்கியது. குடித்தது நேராக முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. குடலில் பெரும்பாலும் அமினோ அமிலங்களாக உடைந்து, உடம்பு எங்கே கேட்கிறதோ அங்கே போகும். பத்து கிராம் தினமும் சாப்பிட்டவர்களுக்கு வலி ஓரளவு குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, பலவற்றுக்கு விற்கிற கம்பெனியே காசு கொடுத்திருக்கிறது. இன்னொன்று, உடம்பு தானாகக் கொலாஜன் உண்டாக்க வைட்டமின் சி வேண்டும். ஒரு நெல்லிக்காயில் அது தாராளமாக இருக்கிறது. டப்பாவில் 'வைட்டமின் சி சேர்த்தது' என்று கூடுதல் விலை.

பிரண்டைத் துவையலை விட்டுவிட்டேன் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணு கிள்ளி, நன்றாக வதக்கிப் புளி வைத்து அரைத்தால் எனக்கும் பிடிக்கும். ருசிக்குச் சாப்பிடுங்கள். தேய்ந்த குருத்தெலும்பு வளரும் என்று அதனிடம் எதிர்பார்க்காதீர்கள், பாவம் அது கொடி. மஞ்சளும் அப்படித்தான். சமையலில் தாராளமாகப் போடுங்கள். மஞ்சளிலிருந்து பிரித்த குர்குமினோடு மிளகுச் சாரம் சேர்த்த மாத்திரை வேறு விஷயம். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில் மிளகின் பைப்பரின் சேர்ந்தபோது குர்குமின் ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கானது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று அத்தனை மாத்திரையும் வருகிறது. இப்படி ஏற்றிச் சாப்பிட்டதில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது.

என் ஆதங்கம் இதெல்லாம் இல்லை. அந்த மஞ்சள் பை ஆச்சியிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மூன்று இட்லி, சட்னி. மத்தியானம் சோறு, புளிக்குழம்பு, ஒரு காய்ப் பொரியல். ராத்திரி இரண்டு தோசை. இடையில் காபி இரண்டு தடவை. "வயசாச்சு, செமிக்காது"ன்னு பருப்பையும் முட்டையையும் விட்டுப் பல வருடம். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு முப்பது கிராம் புரதம் தாண்டாது. வயதானவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்கிறார்கள், ஆச்சி 55 கிலோ இருப்பார். பாதிதான் உள்ளே போகிறது. தொடைச் சதை கரைந்தால் முட்டி தனியாகப் பாரம் தாங்க வேண்டும், அப்புறம் அது கத்தாமல் என்ன செய்யும்? அதற்குக் குளுக்கோசமைன் ஊற்றுகிறோம்.

ஒரு முட்டையில் ஆறு கிராமுக்கு மேல் புரதம். நூறு கிராம் உளுத்தம்பருப்பில் சுமார் 23 கிராம். ஆடியில் கும்மாயம் கிண்டிய வீடுகள் இவை. உளுந்து மாவு வறுத்துக் கருப்பட்டிப் பாகில் போட்டு நெய் விட்டுக் கிளறினால் கை வலிக்கும், வாசம் முகப்பு வரை வரும். இப்போது அதுவும் விருந்துக்கு ஆர்டர் கொடுத்து வாங்குகிற பலகாரமாகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டியை நம்பி ஏமாற வேண்டாம், அதுவும் இனிப்புதான். உளுந்தங்கஞ்சியாகக் குடியுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டுப் பேரன் ஜிம்முக்குப் போகிறான் என்று என்னிடம் புரோட்டீன் பவுடரும், சதை கூட்டச் சாப்பிடும் கிரியாட்டின் பொடியும் வாங்குவான். இருபது வயதுப் பையன், கோழி முட்டை எல்லாம் சாப்பிடுகிறவன், அவனுக்கு அது தேவையே இல்லை. உள்ளே முகப்பில் உட்கார்ந்திருக்கும் அவன் அப்பத்தாவுக்குத்தான் தேவை. கிரியாட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம், கூடவே பளு தூக்கும் பயிற்சி என்றால் வயதானவர்களுக்குச் சதை கூடுவதற்கு மற்ற எந்த டப்பாவையும் விட நல்ல ஆதாரம் உள்ள சரக்கு அது. கிட்னியில் கோளாறு இருக்கிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதமும் கூட்டக் கூடாது, இதையும் தொடக் கூடாது. கிரியாட்டின் சாப்பிடும்போது கிட்னி டெஸ்ட்டில் பார்க்கும் கிரியாட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் கூடித் தெரியும் என்பதையும் டெஸ்ட்டுக்கு முன் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் டி பொடிக்கு ஒரு வரி போதும்: 60,000 யூனிட் சாஷே வாரத்துக்கு ஒன்று, தினம் ஒன்று அல்ல. தினம் ஒன்று தின்று சுண்ணாம்புச் சத்து ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு.

ஆச்சிக்கு நான் கொடுத்தது ஒரு வேலை. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், எத்தனை முடிகிறதோ எண்ணுங்கள். முதல் நாள் இரண்டு. தூணைப் பிடித்துக்கொண்டு நான்கு. "இதுக்காடா காசு வாங்குற?" என்றார். வாங்கவில்லை ஆச்சி என்றேன். ஒரு மாதம் கழித்து மகனிடம் போனில் "பன்னிரண்டு எந்திரிச்சேன்" என்று சொன்னது கடை வரை கேட்டது. பாட்டிலை என்னிடமே கொடுத்துவிட்டார், "யாராச்சும் கேட்டாக் குடு" என்று. மேசைக்கடியில் அப்படியே இருக்கிறது.

நாளைக்கு ரெப் வருவார். ஆர்டர் கொடுக்கத்தான் போகிறேன். இல்லை என்று அனுப்பினால் பக்கத்துக் கடையில் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். என்னிடம் இரண்டு கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்: வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள். முதல் கேள்விக்குச் சீட்டை எடுத்துக் காட்டிவிடுகிறார்கள். இரண்டாவதுக்குத்தான், "நீ என்ன டாக்டரா?" என்று கோபம் வருகிறது.