பலூனுக்கு ஏது சூடு என்று சிரித்தவர்களுக்கு

சீனப் பலூனை அமெரிக்கா ஏவுகணையால் வீழ்த்தியது பற்றிய பதிவின் கீழே நேற்று நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பலூனுக்கு இன்ஜின் ஏது? சூடு ஏது? வெப்பம் தேடும் ஏவுகணை அதை எப்படி அடிக்கும்? எல்லாம் நாடகம்" என்று நான் அண்ணன் என்று அழைக்கும் ஒருவர் எழுதிவிட்டார். சிரிப்புப் பொம்மைகள் குவிந்துவிட்டன.

2023 பிப்ரவரி 4 அன்று தென் கரோலினா கடலோரத்தில் சீனப் பலூனை அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானம் வீழ்த்தியது ஏஐஎம்-9எக்ஸ் சைட்விண்டர் என்ற ஏவுகணையால். அது சூட்டை மோப்பம் பிடிப்பதில்லை, அகச்சிவப்புக் கண்ணால் பார்க்கிறது. பின்னணியிலிருந்து வேறுபட்டுத் தெரிவதைப் பிடித்துக்கொள்கிறது. 60,000 அடிக்கு மேலே, உறையவைக்கும் குளிர்வானத்தின் முன்னால், வெயில் பட்ட அத்தனை பெரிய பலூன் தெரியாதா?

"பழையவை இன்ஜின் சூட்டைத்தானே துரத்தின?" ஆமாம் ஐயா. 1958இல் தைவான் நீரிணையில் சீனாவின் மிக்-17 போர் விமானங்களை அடித்த பழைய சைட்விண்டருக்கு எதிரியின் வால்பக்கம் இருந்தால்தான் கண் தெரியும். சூரியனைக் கண்டால் அந்தப் பக்கம் ஓடிவிடும். வெடிக்காமல் மிக்கில் செருகிக்கொண்டு போன ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் சோவியத் தன் கே-13 ஏவுகணையைச் செய்தது. 1982 ஃபாக்லாந்துப் போருக்குள் முன்பக்கத்திலிருந்தும் பிடிக்கும் வகை வந்துவிட்டது. அண்ணன் மட்டும் 1958இலேயே நிற்கிறார்.

விமானப்படையில் அந்தக் கே-13ஐ மிக்-21 போர் விமானத்தின் இறக்கையில் பூட்டியவர் என் தாய்மாமா. ஏவுகணையின் மூக்கிலிருக்கும் கண்ணாடியில் விரல் படக்கூடாது என்பார். மூடியோடுதான் தூக்கி வருவார்களாம். என் மூக்குக்கண்ணாடியில் ரேகை தெரிந்தால்கூடப் பிடுங்கி, வேட்டி நுனியால் துடைத்துத் தந்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். இதை எழுதியதற்கு ஒருவர் கேட்கிறார்: "மாமா கேன்டீன் சரக்கு வாங்கி விற்ற கதையும் உண்டா?" அதற்கு அண்ணனின் இதயக்குறி வேறு!

அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். அது என்ன என் அத்தை வீடா? ஒரு பலூனுக்கு நான்கு லட்சம் டாலர் ஏவுகணையா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அடுத்த வாரமே ஹியூரான் ஏரிமேல் பறந்த வேறொரு பொருளைச் சுட்டபோது முதல் ஏவுகணை குறி தவறித் தண்ணீரில் விழுந்ததை அவர்கள் தளபதியே ஒப்புக்கொண்டார். நாடகம் போடுபவன் தான் கோட்டைவிடும் காட்சியையுமா எழுதிவைப்பான்?

திரும்பவும் சொல்கிறேன்: அது பார்க்கிறது. வேறுபாட்டைப் பார்க்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம், ஒருமுறை கேட்கும் பொறுமை போதும். அழுக்கு உடையில் ஓடுதளத்தில் நின்று வேலை செய்தவர் சொன்னால் கதை, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அண்ணன் தட்டினால் ஆய்வு! மாமா உயிரோடு இல்லை, அவரால் பதில் எழுத முடியாது.

அந்தக் கேன்டீன் வரியை நீக்கச் சொல்லி அண்ணனிடம் உள்பெட்டியில் கேட்டேன். படித்துவிட்டார், பதில் இல்லை. அந்த வரி அங்கே இருக்கும்வரை அவரை அண்ணன் என்று அழைப்பதாக இல்லை.