கீழே இருக்கும் அக்கா

"ஆழ்மனதுக்குக் கட்டளையிடுங்கள், அது முடித்துக் கொடுக்கும்" என்று சொல்லும் காணொளி ஒன்றைத் தோழி ஒருத்தி நேற்று அனுப்பியிருந்தாள். அன்போடுதான் அனுப்பினாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே பதிவாக இடுகிறேன். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் ஒரு வருடத்துக்கு மேலாக, தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "என் மனதில் யார்மீதும் கசப்பு இல்லை" என்று இருபது முறை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

இந்த இருபது என்ற கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. எமில் கூவே என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் மருந்தாளுநராக இருந்தார். பிறகு நான்சி நகரில் மக்களுக்குச் சுயகருத்தேற்றம், அதாவது ஒரு கருத்தைத் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் பதியவைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். "நாளுக்கு நாள், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நலமடைகிறேன்" என்பது அவர் கொடுத்த வாக்கியம். எண்ணிக்கை தவறாமல் இருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் 1926-இல் இறந்துவிட்டார். அந்த வாக்கியத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று காணொளிகளில் உலவுகின்றன. ஆனால் கூவே இன்னொன்றையும் சொல்லியிருந்தார். மன உறுதியும் கற்பனையும் மோதிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கற்பனைதான் வெல்லும். உறுதியால் அழுத்த அழுத்த எதிர்ப்பக்கம் வலுக்கும். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எனக்கு நடந்ததும் அதுதான். நான் மூத்தவள். தங்கை மேலே படிக்க வேண்டும் என்பதற்காக, நான் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். அவள் நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வந்தாள். "நீ இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும்" என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அவள்மீது கசப்பு இல்லை என்று முழுமனதாக நம்பினேன். ஆனால் அவள் பிறந்தநாள் மட்டும் தொடர்ந்து மூன்று வருடம் எனக்கு மறந்துபோனது. அலுவலகத்தில் உடன் வேலை செய்கிற அத்தனை பேரின் பிறந்தநாளும் நினைவிலிருக்கும் எனக்கு! அவள் அழைக்கும் நேரத்தில் அலைபேசி எப்போதும் வேறு அறையில் இருக்கும். "தங்கை எப்படி இருக்கிறாள்?" என்று யாராவது கேட்டால், "நன்றாக இருக்கிறாள்" என்ற இரண்டு சொல் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும். மற்றவர்கள் கவனித்தார்களா என்று தெரியவில்லை. ஒரு நாள் நானே கவனித்துவிட்டேன்.

அந்த இடைவெளியை ஒருவர் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார். 1900-களின் தொடக்கத்தில் சூரிக்கின் புர்கோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த கார்ல் யுங், நூறு சொற்கள் கொண்ட பட்டியலை ஒவ்வொன்றாகப் படிப்பார். எதிரில் இருப்பவர் மனதில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சொற்களுக்குப் பதில் உடனே வந்துவிடும். சில சொற்களில் மட்டும் தடுக்கும். நேரம் இழுக்கும், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள், சிரிப்பார்கள், தடுமாறுவார்கள். ஏன் தாமதித்தீர்கள் என்று கேட்டால், தாமதித்ததே பலருக்குத் தெரிந்திருக்காது. தடுத்த சொற்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு மரணமோ, அவமானமோ, சொல்லாமல் விட்ட காதலோ அடியில் தெரியும். உணர்ச்சியால் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் இந்த நினைவுத் திரட்டைத்தான் காம்ப்ளெக்ஸ் என்றார். நமக்குக் காம்ப்ளெக்ஸ் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அது நம்மை வைத்திருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை என்று பின்னாளில் அவர் சொன்னதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். தங்கையின் பெயர் எனக்கு அந்த நூற்றில் ஒன்று.

இங்கிருந்துதான் புராணம் எனக்கு உதவிக்கு வந்தது. எந்தக் கதை உங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு 1897 அக்டோபரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதே கேள்விதான் இருக்கிறது. விதி என்ற கருத்தையே நம்பாத இக்காலத்து மனிதனையும் விதிப்படி தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்க மன்னன் ஈடிப்பஸின் கதை ஏன் இப்படி உலுக்குகிறது என்று அவர் யோசித்தார். அவர் கண்ட பதிலை நான் அப்படியே ஏற்கவில்லை. கேள்வி மட்டும் பொன்னானது. எனக்குச் சிறுவயது முதல் கர்ணன். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுக்கும் இடம் வந்தால் அழுதுவிடுவேன். கொடையாளி என்பதற்காக அழுகிறேன் என்று நினைத்திருந்தேன். பின்னால்தான் தெரிந்தது, நான் அழுதது வேறு இடத்துக்காக. அவனும் மூத்தவன், மூத்தவன் என்று யாரும் சொல்லாத மூத்தவன். கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தன் இடம் கிடைத்துவிடும் என்ற பசி அந்தக் கொடைக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அந்தப் பசி என்னுடையது.

ஆனால் கர்ணன் எனக்கு நோயைக் காட்டினான், வழியைக் காட்டவில்லை. வழி இருந்தது இன்னும் பழைய ஒரு கதையில். இன்றைய ஈராக் பகுதியில் வழங்கிய சுமேரிய மொழியில், ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகைகளில் கிடைத்திருக்கும் இனானாவின் கதை. இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

இனானா விண்ணின் அரசி. காதலும் போரும் அவளுடையவை. அவளுடைய அக்கா எரெஷ்கிகல், பாதாளத்தின் அரசி. அக்காவின் கணவன் இறந்துவிட்டான், அந்தச் சடங்குக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு தங்கை முழு அலங்காரத்தோடு கீழே இறங்குகிறாள். வழியில் ஏழு வாயில்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கச் சொல்கிறார்கள். முதலில் மகுடம், கடைசியில் உடுத்திய ஆடை. ஏன் என்று கேட்டால், பேசாதே, பாதாளத்தின் முறைகளைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதே பதில். வெறும் உடம்போடு அக்காவின் முன் போய் நிற்பவள் பிணமாகிறாள். பிணத்தை ஒரு கொக்கியில் மாட்டி வைக்கிறார்கள்.

மூன்று பகல் மூன்று இரவு கழிந்தபின் அவளுடைய பணிப்பெண் நின்ஷுபூர் மேலே ஒவ்வொரு தெய்வமாகப் போய் முறையிடுகிறாள். இருவர் கைவிரிக்கிறார்கள். ஞானத்தின் கடவுளான என்கி மட்டும் தன் நக இடுக்கில் இருந்த அழுக்கை எடுத்து இரண்டு சின்ன உயிர்களைச் செய்து அனுப்புகிறார். அவை ஈக்களைப் போல வாயிலில் நுழைந்து உள்ளே போகின்றன. அங்கே எரெஷ்கிகல் பேறுகாலத்துப் பெண்ணைப் போல முனகிக்கொண்டு கிடக்கிறாள். "ஐயோ, என் நெஞ்சே" என்கிறாள். அந்த இரண்டும், "ஐயோ, எங்கள் அரசியே, உன் நெஞ்சே" என்கின்றன. "ஐயோ, என் ஈரலே." "ஐயோ, உன் ஈரலே." இவ்வளவுதான் அவை செய்தது. ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரை சொல்லவில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. யாரும் இதுவரை கேட்காத அக்காவின் முனகலைக் கேட்டு, அதே சொல்லில் திருப்பிச் சொன்னார்கள். அவள் உருகிப்போகிறாள். ஆற்று நீரைத் தருகிறேன், விளைந்த வயலைத் தருகிறேன் என்கிறாள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லி, கொக்கியில் தொங்கும் உடம்பை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள்.

இந்த இடத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இத்தனை காலமும் என்னை இனானாவாகவே பார்த்திருந்தேன், இழந்துகொண்டே போனவளாக. உண்மையில் நான் கீழே கிடந்த அக்கா. கண்ணாடி முன் நின்று "கசப்பு இல்லை" என்று இருபது முறை சொன்னது, முனகிக்கொண்டிருந்தவளின் வாயைத் தினமும் இருபது முறை பொத்தியதுதான். மறுநாள் காலை அந்த வாக்கியத்தை நிறுத்தினேன். அதற்குப் பதில் ஒரு நோட்டை எடுத்து, கீழே இருப்பவள் சொல்வதை அவள் சொல்லும் மாதிரியே எழுதத் தொடங்கினேன். படிப்பதற்கே கூசும் சொற்கள் வந்தன. திருத்தவில்லை. "எனக்கும் படிக்க ஆசை இருந்தது" என்று அவள் எழுதினால், "உனக்கும் படிக்க ஆசை இருந்தது" என்று அடுத்த வரியில் எழுதுவேன். பல வாரங்கள் இப்படிப் போயின.

இதனால்தான் சொல்கிறேன். ஆழ்மனதை, அதாவது உளவியல் நூல்கள் நனவிலி மனம் என்று குறிப்பிடுவதை, கட்டளைக்குக் காத்திருக்கும் வேலையாளாக நடத்தாதீர்கள். அதற்கென்று சொந்தத் துக்கமும் சொந்த நியாயமும் இருக்கின்றன. மனித இனம் முழுவதற்கும் பொதுவான ஒரு நனவிலி இருக்கிறது என்ற யுங்கின் கொள்கையை நான் நம்பியாக வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு வலுவான சான்று இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் துக்கத்தோடு பழகிப் பார்த்து, பயன்பட்ட வழிகளைக் கதையாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும்.

இங்கே தத்துவம் எதற்கு என்று கேட்கலாம். கீழிருந்து வரும் குரலைக் கேட்க வேண்டும். ஆனால் அது சொல்வதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டால் அழிந்தோம். 1930-களின் ஜெர்மனியில் பழைய தெய்வக் கதைகளும் குருதிப் பெருமையும் ஒரு தேசத்தையே ஆட்கொண்டன. 1936-இல் யுங்கே அதைப் பற்றி எழுதினார், வோட்டான் என்ற பழைய புயல் தெய்வம் விழித்துக்கொண்டது என்று. அந்தக் காலத்தில் அவரே எடுத்த நிலைப்பாடுகள் இன்றுவரை கடுமையாக விமர்சிக்கப்படுகின்றன. புராணத்தின் வலிமையை அவ்வளவு அறிந்தவருக்கே அந்த நிலை. கதைக்கு ஒரு வேகம் உண்டு. "இது மெய்யா?" என்று நிறுத்திக் கேட்கும் வேலையைக் கதை செய்யாது. அதைத் தத்துவம்தான் செய்ய வேண்டும்.

எனக்கு இதில் அதிகம் உதவியது யோகாசார பௌத்தம், மனம் இயங்கும் விதத்தை ஆராய்ந்த ஒரு பௌத்தப் பிரிவு. அந்தப் பிரிவின் பழைய இந்திய அறிஞர்களான அசங்கரும் வசுபந்துவும் வளர்த்தெடுத்த ஆலய விஞ்ஞானம் என்ற கருத்து. ஆலயம் என்றால் இங்கே சேர்த்து வைக்கும் இடம், களஞ்சியம். நாம் செய்வதும் நினைப்பதும் அதில் விதையாக விழுகின்றன. சூழல் வாய்க்கும்போது முளைக்கின்றன. முளைத்தவை மீண்டும் விதை போடுகின்றன. அந்த ஓயாத ஓட்டத்தைப் பார்த்து மனதின் ஒரு பகுதி "இது நான்" என்று பற்றிக்கொள்கிறது, அந்தப் பற்றுதான் மயக்கம் என்கிறார்கள். அதாவது, எனக்குள் கசப்பு முளைக்கிறது என்பது உண்மை. "நான் ஏமாற்றப்பட்டவள்" என்பது அதன்மேல் நான் கட்டிய வீடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த நோட்டில் எழுதியதை நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. இனானா உயிர் பெற்றாலும் சும்மா மேலே வர முடியாது. பாதாளத்திலிருந்து போக வேண்டுமானால் தனக்குப் பதிலாக ஒருவரைக் கொடுக்க வேண்டும். பூதங்கள் பின்னாலேயே வருகின்றன. தனக்காக அழுது புழுதியில் கிடக்கும் நின்ஷுபூரை அவள் கொடுக்க மறுக்கிறாள். துக்கம் காத்த மற்றவர்களையும் கொடுக்கவில்லை. கடைசியில் தன் கணவன் துமுசியிடம் வருகிறாள். அவன் நல்ல உடை உடுத்தி, சிம்மாசனத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கொண்டுபோங்கள் என்கிறாள்.

எனக்குள் அப்படி நல்ல உடையில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தபோது தெரிந்தது. அந்தத் தியாகி அக்கா. பெரியவர்கள் புகழும்போது தலை குனிந்து சிரித்தவள். படிப்பை நிறுத்தச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. முதலாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறியிருந்தேன். திரும்ப எழுத எனக்குப் பயமாக இருந்தது. குடும்பத்தில் பணமுடை வந்தபோது, அதிலிருந்து வெளியேற எனக்கு ஒரு கௌரவமான வழி கிடைத்தது. தங்கைக்காக என்பதும் பொய் இல்லை. ஆனால் அது மட்டுமே உண்மையும் இல்லை. பதினாறு வருடம் அவள் என்னிடம் பட்ட கடனில் ஒரு பகுதி அவள் வாங்காத கடன்.

போன மாதம் அவளை அழைத்து இதைச் சொன்னேன். அந்த இரண்டு பாடங்களைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "இத்தனை நாளும் உனக்குப் பிடிக்காத மாதிரி ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே உன்னிடம் பேசியிருக்கிறேன் அக்கா" என்றாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பயந்துகொண்டே பேசியிருக்கிறாய்" என்று மட்டும் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள்.