நிக்கல் சோதனை மட்டும் போதாது

நகைகளில் தோலுக்கு ஒவ்வாத நிக்கல் உலோகத்தைக் கண்டறிவது பற்றி வெளியான கட்டுரையில் விளக்கப்பட்டுள்ள சோதனை பயனுள்ளதே: டைமெத்தில்கிளையொக்சைம் என்ற வேதிப்பொருளின் அமோனியா கலந்த கரைசலில் நனைத்த பஞ்சினால் நகையைத் தேய்க்கும்போது பஞ்சு இளஞ்சிவப்பாக மாறினால், நகையிலிருந்து நிக்கல் வெளியேறுகிறது என்று கொள்ளலாம். ஆயினும் மேற்பூச்சு சேதமின்றி இருக்கும்வரை இச்சோதனை ஏமாற்றக்கூடும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மகளுக்கு வாங்கிய காப்பைத் தேய்த்தபோது முதல்நாள் வெண்மையாகவே இருந்த பஞ்சு, பூச்சுத் தேய்ந்து அவளது மணிக்கட்டில் சொறி கண்ட பின்னரே நிறம் மாறியது.

நச்சு உலோகங்களான ஈயத்தையும் கட்மியத்தையும் இச்சோதனை காட்டவே காட்டாது என்பதைக் கட்டுரையாளர் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் நகைகளின் உலோகப் பாகங்களில் கட்மியத்துக்கு 0.01 சதவீதம், ஈயத்துக்கு 0.05 சதவீதம் என எல்லை வகுத்துள்ளது. இத்தகைய நுண்ணளவுகளை அறிய எக்ஸ் கதிர்க் கருவியோ ஆய்வுகூடமோ வேண்டும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் பவுண் நகை வாங்குவோரும், நகைப் பாகங்களை இணைக்க உருக்கி இடும் பற்றாசில் கட்மியம் சேர்க்கப்பட்டதா என்று கேட்பது நன்று. கட்மியத்தின் புகை, நகை அணிபவரைவிடப் பற்றவைக்கும் தொழிலாளியின் நுரையீரலையே முதலில் தாக்குகிறது.