உடம்பு வளையாது, சரி. அதனால் என்ன?

"எனக்கு உடம்பே வளையாதுங்க. யோகாவெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது." நான் யோகா செய்கிறேன் என்று தெரிந்ததும் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். கேட்கும்போதெல்லாம் லேசாக எரிச்சல் வரும். நீந்தத் தெரியாது, அதனால் நீச்சல் வகுப்பில் சேரவில்லை என்று யாராவது சொல்வார்களா?

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கண்ணில் படுகிற படங்களில் எல்லாம் ஒருவர் தலைகீழாக நிற்கிறார், இன்னொருவர் காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டிருக்கிறார். ஆனால் யோகத்தின் அடிப்படை நூலாகச் சொல்லப்படும் பதஞ்சலியின் யோக சூத்திரத்தைத் திறந்து பார்த்தால் கதையே வேறு. பதிப்பைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள். ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மொத்தமே மூன்று. ஓர் ஆசனத்தின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. 'ஸ்திர சுகம் ஆசனம்' என்கிறார். ஆடாமல் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். நெற்றி முழங்காலைத் தொட வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

ஆசனங்களைப் பெயர் சொல்லி விவரிக்கும் நூல்கள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஹட யோகப் பிரதீபிகையிலேயே பதினைந்து ஆசனங்கள்தான். அவற்றிலும் பல வெறுமனே உட்காரும் முறைகள். மூச்சோடு இணைத்து ஓர் ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும் இன்றைய பாணிக்கு, 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலை ஒரு பெரிய ஊற்று. அவரிடம் படித்த ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி ஆகியோர்தான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். புதியது என்பதால் மட்டம் என்று சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அதுதான் முழு யோகம் என்று நினைத்து வாசலிலேயே திரும்பிப் போகிறார்களே, அதுதான் வருத்தம்.

நானும் அப்படி நினைத்துக் கெட்டவன்தான். சேர்ந்த முதல் மாதம், பச்சிமோத்தாசனம். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிய வேண்டும். பக்கத்து விரிப்பில் இருந்தவர் பாதி மடித்த புத்தகம் மாதிரி அழகாகக் குனிந்திருந்தார். எனக்கு ரோஷம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தேன். தொடையின் பின்பக்கம் சுளீர் என்றது. மூன்று வாரம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த ரோஷம் ஞாபகம் வந்தது.

பிறகுதான் பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களின் வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் படித்தேன். இயமம் (செய்யக் கூடாதவை), நியமம் (கடைப்பிடிக்க வேண்டியவை), ஆசனம், பிராணாயாமம் (மூச்சுப் பயிற்சி), பிரத்தியாகாரம் (புலன்களை உள்ளே திருப்புவது), தாரணை (மனதை ஓரிடத்தில் நிறுத்துவது), தியானம், சமாதி. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டைத்தான் விரிக்கிறார். ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் இருக்கும் இரண்டை 'நல்லொழுக்கம்தானே, தெரிந்ததுதானே' என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம். இயமத்தில் முதலாவது அகிம்சை. என் தொடைத் தசைக்கு நான் செய்தது என்ன? அடுத்தவர் குனிவதைப் பார்த்து அது எனக்கும் வேண்டும் என்று தவித்தது இயமத்தில் வரும் அபரிக்கிரகத்துக்கும், அதாவது பேராசைப்படாமைக்கும் ஆகாது, நியமத்தில் வரும் சந்தோஷத்துக்கும் ஆகாது. அங்கே சந்தோஷம் என்றால் கிடைத்தது போதும் என்ற நிறைவு. ஆக, ஒரே ஒரு ஆசனத்தில் முந்தைய இரண்டு படிகளிலும் வழுக்கியிருக்கிறேன். இயம நியமங்களைப் பழகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, விரிப்பிலேயே தொடங்கலாம் என்பது என் அனுபவம்.

சரி, இதெல்லாம் எதற்கு? இரண்டாவது சூத்திரத்திலேயே பதில் இருக்கிறது: சித்தத்தின் விருத்திகள், அதாவது மனதின் அசைவுகள், அடங்குவதே யோகம். 'மனதைக் காலியாக்கு' என்று பலர் இதற்குப் பொருள் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், காலி எல்லாம் ஆகாது. பத்து வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன சொல் வரும். அது ஸ்மிருதி, நினைவு. இன்னும் நடக்காத சண்டைக்குப் பதில் வசனம் தயாராகும். அது விகல்பம், கற்பனை. அவர் நம்மைப் பார்த்தும் பாராமல் போனார் என்று தப்பாக முடிவு கட்டியது விபரியயம். இவற்றோடு சரியான அறிவையும் தூக்கத்தையும் சேர்த்து மொத்தம் ஐந்து விருத்திகள். சரியான அறிவும் ஓர் அசைவுதான் என்று பதஞ்சலி பட்டியலில் சேர்த்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 'ஓ, இது விகல்பம்' என்று பெயர் வைத்த நொடியில் அந்தச் சண்டையின் சூடு பாதி இறங்கிவிடுகிறது. பார்ப்பவன் வேறு, பார்க்கப்படுவது வேறு, மனமும் பார்க்கப்படும் பொருள்தான் என்கிற சாங்கியத்தின், அதாவது யோகத்தோடு சேர்ந்தே வரும் பழைய இந்தியத் தத்துவத்தின், ஓரத்தை அப்போது கொஞ்சம் தொடுகிறோம்.

அடுத்து வரும் கேள்வி, சாமி கும்பிடாதவர்கள் யோகா செய்யலாமா? ஈசுவரனிடம் ஒப்படைப்பது ஒரு வழி என்று சொல்லும் சூத்திரம் 'வா' என்ற சொல்லோடு முடிகிறது. 'அல்லது' என்று பொருள். அதற்குப் பின் வரிசையாகப் பல 'அல்லது'கள். மூச்சை வெளியே விட்டு நிறுத்துவது, அல்லது பற்றற்ற ஒருவரின் மனதை நினைப்பது, அல்லது கனவில் கண்டதைப் பிடித்துக்கொள்வது. கடைசியில் 'அல்லது உனக்கு எது பிடிக்குமோ அதைத் தியானி' என்றே சொல்லிவிடுகிறார். இவ்வளவு தாராளமான ஆசிரியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தொடங்குபவர்களுக்கு என் யோசனை ரொம்பச் சின்னது. நன்றாகச் சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தாடாசனம் (நேராக நிற்பது), பூனை மாதிரி முதுகை ஏற்றி இறக்குவது, புஜங்காசனம் (குப்புறப் படுத்துப் பாம்பு மாதிரி மார்பைத் தூக்குவது), முழங்காலை மடக்கிக்கொண்டே பச்சிமோத்தாசனம், கடைசியில் சவாசனம் (மல்லாந்து அசையாமல் படுப்பது). இருபது நிமிடம் போதும். மூக்கு வழியாகவே மூச்சு. மூச்சு திணறினால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி பின்வாங்குங்கள். சவாசனத்தை விட்டுவிட்டு விரிப்பைச் சுருட்டுபவர்களைப் பார்த்தால், சோறு வடித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போகிறார்களே என்று தோன்றும்.

பிராணாயாமத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். திருமூலர் சொல்லும் எண்ணிக்கைக் கணக்கு பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (உள்ளே நிறுத்துவது) 64, ரேசகம் (வெளியே விடுவது) 32. அதைப் படித்த கையோடு மூச்சை அடக்கப் பார்க்காதீர்கள். ஆசனம் அமைந்த பிறகே பிராணாயாமம் என்று பதஞ்சலியே வரிசை போட்டிருக்கிறார். முதல் சில மாதங்களுக்கு அடக்கவே வேண்டாம், இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீட்டினால் போதும். ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் சிரசாசனம் பக்கம் போகக் கூடாது. கர்ப்பிணிகளும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். யோகா செய்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம், அப்படிச் சொல்லும் ஆசிரியர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும் என்றும் கேட்பீர்கள். நீண்ட காலம், இடைவிடாமல், அக்கறையோடு என்று மட்டும் பதஞ்சலி சொல்கிறார், நாள் கணக்கு கொடுக்கவில்லை. எனக்குத் தூக்கம் சில வாரங்களில் சரியானது. கோபம் இன்னும் வருகிறது, வருவது மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே தெரிகிறது. தரையில் உட்கார முடியவில்லை என்றால் நாற்காலியில் உட்கார்ந்தே தொடங்குங்கள், பாதம் மட்டும் தரையில் பதிந்திருக்கட்டும்.