ஈப்போ ரோட்டுக்கு இந்தப் பக்கம்

கோலாலம்பூரில், எங்கள் செந்தூலை ஒட்டிப் போகும் ஈப்போ ரோட்டில் ஒரு பகுதிக்கு 2014-இல் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்று பெயர் வைத்தார்கள். பலகையெல்லாம் எப்போதோ மாற்றியாயிற்று. இன்றைக்கு யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள், "ஈப்போ ரோட்லயே நேரா போங்க" என்றுதான் சொல்வார்கள். செந்தூல்காரர்களுக்கு எதையும் அவசரமாக ஏற்றுக்கொள்ளும் பழக்கம் கிடையாது. என்னை ஏற்றுக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது.

இங்கே குடிவந்து ஆறு வருடம். பெட்டாலிங் ஜெயாவில் வாடகை ஏறிக்கொண்டே போனது, அம்மாவுக்கு மூட்டு வலி, கோயிலும் கடையும் நடை தூரத்தில் வேண்டும் என்றார். அவ்வளவுதான் காரணம். நான் காதலித்துக் கட்டிக்கொண்ட ஊர் இல்லை இது. பெரியவர்கள் பார்த்து முடித்து வைத்தது.

அலுவலகத்தில் எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்பார்கள். சொன்னால், "செந்தூலா?" என்று ஓர் இழுவை. அந்த 'லா'வுக்குள் கும்பல் சண்டை, கத்திக்குத்து, பழைய பத்திரிகைச் செய்தி எல்லாம் அடக்கம். இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. எல்ஆர்டி ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் மஸ்ஜித் ஜாமெக், அதாவது நகர மையம். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது நான் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா பூக்கட்டுகிறார். நூலின் ஒரு முனை மேசைக் காலில் அடித்த ஆணியில் மாட்டியிருக்கும். பூவைப் பார்க்கவே மாட்டார், கண் முழுக்க ரோட்டில்தான். விரல் பாட்டுக்கு இரண்டு மல்லிகையை எதிரும் புதிருமாக வைத்து ஒரு சுருக்குப் போடும், தள்ளும், அடுத்த இரண்டு. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கோயிலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "அம்மா எங்க, ரெண்டு நாளா காணோம்?" என்றார். பெட்டாலிங் ஜெயாவில் ஒன்பது வருடம் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை 'அந்தக் காலத்துப் பாசம்' என்று எழுதி உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பாசம் அப்புறம், முதலில் வாடகை. ஒரு முழம் பூ விற்கிறவரும், புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவரும், குடை ரிப்பேர் செய்கிறவரும் ஒரே தெருவில் பிழைக்க வேண்டுமென்றால் கடை வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில்தான் அது கட்டுப்படியாகும். பெரிய கண்கள் பட்ட வட்டாரத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு காபிக் கடை மாறுகிறது. அங்கே யார் யாரைத் தேடுவது?

ஒரு காலத்தில் இந்த இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப் இருந்த ஊர். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் அதில் வேலை செய்து, ரயில்வே கொடுத்த கோட்டர்ஸில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். 1945 பிப்ரவரியில் அமெரிக்கப் போர் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இந்த ஒர்க்‌ஷாப்பில்தான். கீழ்மாடி அங்கிளின் அப்பா அன்றைக்குக் கால்வாய்க்குள் படுத்துத் தப்பித்தாராம். இந்தக் கதையை அங்கிள் எனக்கு நான்கு முறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் கால்வாயில் தண்ணீர் கூடிக்கொண்டே வருகிறது.

தண்டவாளத்துக்கு மேற்கே கதை வேறு. ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று 2005-இல் கேஎல்பேக் நாடக அரங்கமானது. நல்ல அரங்கம்தான், நானும் போயிருக்கிறேன். அதைச் சுற்றி அழகான பூங்கா, பூங்காவைச் சுற்றி வேலி. நாடகம் பார்க்க வருகிறவர்கள் காரில் வந்து காரில் போகிறார்கள். தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) குடிக்கக்கூட வருவதில்லை. வராததில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

குறை இல்லாமலா? லிஃப்ட் கெட்டால் மூன்று நாள். சாயங்காலம் மழை கொட்டினால் பார்க்கிங்கில் கணுக்கால் தண்ணீர். வண்டியை மறித்து நிறுத்திவிட்டு ஒருவர் சாவகாசமாக ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஹார்ன் அடித்தால் நம்மைத்தான் முறைப்பார்.

தைப்பூச ரதம் ஈப்போ ரோடு வழியாகப் பத்துமலைக்குப் போகும் இரவில் மட்டும் ஊரே இங்கே இருக்கும். மறுநாள் குப்பையைக் கூட்டியதும் பழையபடி ஆகிவிடும். அது எனக்குப் போதும். ஆனால் 2023-இல் 'செந்தூல் பாராட்' (செந்தூல் மேற்கு) நிலையத்துக்கு எம்ஆர்டி ரயில் வந்ததிலிருந்து வீட்டு விளம்பரங்களில் எங்கள் ஊருக்குப் புதுப்புது அடைமொழி. 'நகர மையத்துக்கு அருகில்' என்கிறார்கள். நூறு வருடமாக அங்கேதானே இருக்கிறோம்!

போன வாரம் எங்கள் மாடியில் ஒரு வீடு காலியானது. அலுவலகத்தில் முன்பு "செந்தூலா?" என்று இழுத்த அதே தோழி நேற்று வாட்ஸ்அப்பில், "உங்க பக்கம் வீடு ஏதும் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். நான் படித்ததற்கு நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் போடவில்லை.