நொடிக்கு ஒரு குமிழியாம்!

இனிமேல் எவராவது என்னிடம் வந்து "அண்ணே, நொடிக்கு ஒரு குமிழி விடுங்க, போதும்" என்று சொன்னால், அவரை எங்கள் வீட்டு மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் குமிழி எண்ண விடப்போகிறேன். அதுவும் சித்திரை வெயிலில், ஃபேனை நிறுத்திவிட்டு.

விஷயம் தெரியாதவர்களுக்கு: தொட்டிக்குள் செடி வளர்ப்பவர்கள் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கேஸ் விடுவோம். காற்றிலிருந்து தானாகக் கரைவது செடிக்குத் தொட்டுக்கொள்ளக்கூடக் காணாது. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வாக்கில் இருந்தால் செடி செழிக்கும், மீனும் பெரும்பாலும் தாங்கும். ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைவு என்று ஆட்டம் காட்டினால் இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடி மாதிரி பாசி முளைக்கும், ரொம்பக் கூடினால் மீன் சாகும். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கேஸை அளக்க, நொடிக்கு எத்தனை குமிழி போகிறது என்று எண்ணச் சொல்கிறார்கள். இதில் குமிழி எங்கிருந்து வந்தது? குமிழி என்ன உழக்கா, படியா? குமிழி எண்ணுவதற்கென்று கேஸ் குழாயில் மாட்டுகிற ஒவ்வொரு பபிள் கவுண்டரிலும் குமிழி ஒவ்வொரு அளவு. இரண்டடித் தொட்டிக்கும் நாலடித் தொட்டிக்கும் ஒரே குமிழியா? கேஸைத் தண்ணீருக்குள் விடுகிற டிஃப்யூசரில் பொடிப்பொடியாக வந்தால் கரையும், மொத்தையாக வந்தால் பாதி மேலே போய் உடைந்து நம் மூக்குக்குத்தான் வரும். விருந்துக்கு எத்தனை பேர் என்று கேட்காமலேயே "ரெண்டு கை அரிசி போடுங்க" என்கிற சமையல்காரரை வைத்துக் கல்யாணம் நடத்துவீர்களா?

சரி, குமிழியை நம்பாதே, ட்ராப் செக்கரை நம்பு என்றார்கள். நெல்லிக்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ், தொட்டிக்குள் ஒட்டி வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற திரவம் நீலமாக இருந்தால் கேஸ் பத்தாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. கடைக்காரரிடம் உள்ளே என்ன ஊற்றுவது என்று கேட்டேன். "தொட்டித் தண்ணியவே ஊத்தி மூணு சொட்டு மருந்து விடுங்கண்ணே" என்றார். விட்டேன். மூன்று நாள் நீலம். வால்வைக் கொஞ்சம் திறந்தேன், நீலம். இன்னும் கொஞ்சம். ஒரு சனிக்கிழமை மதியம், அப்பாடா, இளம்பச்சை! போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன், அக்கா ஹார்ட்டெல்லாம் விட்டது. சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கார்டினல் டெட்ரா மீன் அத்தனையும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, இரண்டு அடியில் மணலோடு சாய்ந்து கிடக்கின்றன. 22 வாங்கியது. மிஞ்சியது 9.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அந்தப் பச்சை 30-ஐக் காட்ட வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கிற கார்பனேட் உப்பின் அளவு, சரியாக 4 டிகிரி இருக்க வேண்டும் (இந்த டிகிரி சூடு இல்லை). எங்கள் போர் தண்ணீரில் அது 12. மதுரை திருநகர்ப் பக்கம் எங்கள் தெருவில் வாளியைப் பார்த்தாலே தெரியும், விளிம்பில் வெள்ளைப் படலம். குக்கருக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி. மூன்று மடங்கு கடினம் என்றால் அதே பச்சைக்கு மூன்று மடங்கு கேஸ். அதாவது 90! நான் பச்சையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே அதுகளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 0.12 கிராம் சமையல் சோடா, அவ்வளவுதான் அந்த 4 டிகிரித் தண்ணீர். நம் வீட்டுத் தராசில் 0.12 கிராம் நிறுக்க முடியாது என்றால் 1.2 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் முடிந்தது. பைசா பெறாத சமாச்சாரம். இதைச் சொல்ல ஒரு வாய் இல்லை, குமிழி எண்ணச் சொல்ல மட்டும் ஊரெல்லாம் வாய்.

அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பொற்றாமரைக் குளத்துல மீனே இருக்கக் கூடாதுன்னு நாரை வரம் வாங்குச்சாம். ஒன் தொட்டிக்கு வரமே வேணாம்டா" என்றது. பதில் சொல்ல முடியவில்லை.

இதோடு வெயில் வேறு. 25 டிகிரி தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும், 32 டிகிரியில் 7 சொச்சம்தான். அந்தச் சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடுகிறது. சிலிண்டரும் சும்மா இருப்பதில்லை. 20 டிகிரியில் 57 பார் காட்டுகிற அழுத்தம் 30 டிகிரியில் 70-ஐத் தாண்டுகிறது. 31-ஐத் தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்ற பேதமே கிடையாது. நம் ஊரில் மே மாத மதியம் வீட்டுக்குள்ளேயே அதைவிட அதிகம். காலையில் வைத்த குமிழி மதியம் இருப்பதில்லை, மதியம் திருத்தியது ராத்திரி இருப்பதில்லை. ஏசி ஹாலில் தொட்டி வைத்திருப்பவர் போடுகிற வீடியோவைப் பார்த்து நாம் வால்வைத் திருகினால் இப்படித்தான்.

கேஸ் நிரப்புகிற இடத்துக் கதை தனி. போன கார்த்திகையில் இரண்டு கிலோவுக்குக் காசு கொடுத்தேன். "மீட்டரப் பாருங்க சார், முள்ளு ஃபுல்லு" என்றார். உள்ளே திரவம் கொஞ்சம் கிடந்தாலே முள் அங்கேதானே நிற்கும்? தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்து, கழுத்தில் பொறித்திருந்த காலி எடையைக் கழித்துப் பார்த்தால் ஒரு கிலோ நூறு கிராம்தான். திரும்பப் போய்க் கேட்டதற்கு வெயில்ல ஆவியாயிருக்கும் என்றார். கார்த்திகையில், அடைமழையில்!

எல்லாம் சரி செய்தேன் என்று நினைத்தபோது மாதாந்திர மின்தடை வந்தது, காலை 9 முதல் மாலை 5 வரை. கரண்ட் போனால் கேஸைத் திறந்து மூடுகிற மின்வால்வு, சோலனாய்டு, தானாக மூடிக்கொள்ளும், கவலை இல்லை என்று வேலைக்குப் போய்விட்டேன். என் டைமர் முள் சுற்றுகிற ரகம் என்பது மறந்துபோனது. கரண்ட் இல்லாத எட்டு மணி நேரமும் அது நின்றுவிட்டு, சாயங்காலம் காலை ஒன்பது மணி என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. மாலை 5-க்கு நிற்க வேண்டிய கேஸ் ராத்திரி ஒரு மணி வரை போயிருக்கிறது. லைட்டை வீட்டில் யாரோ கையால் அணைத்துவிட்டார்கள், இருட்டில் செடியும் கேஸைக் குடிக்காது, மீனோடு சேர்ந்து ஆக்சிஜனைத்தான் குடிக்கும். காலையில் பார்த்தால் 9 மீன் 6 ஆகியிருந்தது.

நேற்று பஞ்சு வாங்கக் கடைக்குப் போனேன். பக்கத்தில் காலேஜ் பையன் ஒருவன், புதுச் சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் வாங்கிக்கொண்டு நிற்கிறான். "தம்பி, நொடிக்கு ஒரு குமிழி..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார். எனக்குக் காதில் புகை வராத குறை. பையனை அங்கிட்டுக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, 4 டிகிரித் தண்ணீர், லைட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கேஸ், ஒரு நாள் வெளியே வைத்த தொட்டித் தண்ணீரைவிட உள்ளே பிஹெச் (அமில-கார அளவு) ஒன்று குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது, பேட்டரி உள்ள டைமர் என்று முக்கால் மணி நேரம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். போனில் குறித்துக்கொண்டான். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்பி,

"ரொம்ப தேங்க்ஸ்ணே. கடைசியா, எத்தனை குமிழி விடணும்?"